உங்கள் வாசலில் நான் போட்ட பூப்பாத்தி

அக்கா,

இன்று காலை குசினி ஜன்னலைத் திறந்ததும் ஈர வண்டல் மண் வாசனை வந்தது. மாப்பிள்ளையூரணியில் நம் தெருவுக்கு அந்த வாசனை தானாக வர வழியே இல்லை. உப்பளத்துக் காற்று வரும், காற்று திரும்பினால் கருவாட்டு வாடை வரும், மழை பெய்தால் சாக்கடை நாறும். ஆற்று மண் வாசனை வேண்டுமென்றால் யாராவது டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினால்தான் உண்டு. எட்டிப் பார்த்தேன். உங்கள் கேட்டுக்கு உள்ளே ஒரு லோடு மண் கிடந்தது. அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

நான் சட்டென்று ஜன்னலைச் சாத்திவிட்டேன். நீங்கள் போனதிலிருந்து இந்த ஒரு வருசமாக அதுதான் என் பழக்கம். உங்கள் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் திரும்பினால் நான் அந்தப் பக்கம் திரும்புவேன். குப்பை வண்டி விசில் அடித்தாலும், அண்ணாச்சி வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன். வாயாடி என்று நீங்களே பட்டம் கொடுத்த நான், அவர் முன்னால் நிற்க வெட்கப்பட்டு இப்படி ஒளிந்து திரிகிறேன். அந்த மண் வாசனை மூக்கில் ஏறியதும் கன்னமெல்லாம் சுட்டது. உங்களிடம் பேசாமல் இன்று என்னால் ஒரு வேலையும் பார்க்க முடியாது.

உங்களுக்கு ஆபரேஷன் என்று திருநெல்வேலிக்குக் கூட்டிப்போன காலையை நினைத்துக்கொள்கிறேன். காரில் ஏறப் போனவர் திரும்பி உங்கள் வீட்டு வாசலை ஒரு பார்வை பார்த்தீர்கள். கேட்டிலிருந்து படிவரை சிமெண்டு நடை, இரண்டு பக்கமும் வெள்ளை பூத்த உவர் மண். "ஏளா, இந்த வாசலப் பாத்தா எனக்கு நோவு கூடுதே ஒழிய கொறையலளா. திரும்பி வரும்போது ரெண்டு பக்கமும் பூவா நின்னா எப்படி இருக்கும்!" என்றீர்கள். ஆற்றங்கரை ஊரில் வயலுக்கு நடுவே பிறந்து, அண்ணாச்சியின் துறைமுக வேலைக்காக இந்த உப்புக் காட்டுக்கு வந்தவர் நீங்கள். வெளிநாட்டு வீடுகளின் முன்வாசல் தோட்டங்களைப் போனில் பார்த்துப் பார்த்து என்னிடம் காட்டுவீர்கள். நான் பெரியதாழைக்காரி. எங்கள் வீட்டு முன்னால் வலை காயும், பூவெல்லாம் பூக்காது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "நீங்க போய்ட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதைச் செய்யவும் செய்தேன். என் வீட்டுக்காரர் கப்பலில் இருந்தார், கேட்க ஆளில்லை. உங்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. டிராக்டரில் வண்டல் மண் அடித்தேன், மக்கின சாணி வாங்கிக் கலந்தேன். நர்சரிக்காரர், நான் பாட்டிலில் கொண்டுபோன நம் போர்க்குழாய் உப்புத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணிக்கு ரோசாவும் நிக்காது, மல்லியும் நிக்காது. நித்தியகல்யாணி கொண்டுபோங்க. வெயிலுக்கும் அசையாது, ஆடும் திங்காது" என்றார். வெள்ளையும் ரோஸுமாக அள்ளிக்கொண்டு வந்தேன். நடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு பாத்தி. ஓர் ஆள் நீளம், அதற்கேற்ற அகலம். நான்கு ஓரமும் வெள்ளையடித்த செங்கல், செங்கல் இடுக்கில் சிப்பி. நடுவில் மண்ணைக் கூட்டி மேடாக்கி, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி நயமாக்கினேன். தண்ணீர் தேங்கக் கூடாதே என்றுதான் மேடாக்கினேன், சத்தியமாக. கடைசியில் அழகுக்கு அழகாக, ஒவ்வொன்றின் தலைப்பக்கத்திலும் வெயிலில் சார்ஜ் ஏறி இருட்டியதும் தானாக எரியும் ஒரு சின்ன விளக்கு.

செங்கல் வைக்க வந்த கொத்தனார், "யக்கா, இது பாக்க ஒரு மாதிரி இருக்கே" என்றார். "நீருதான் ஒரு மாதிரி இருக்கீரு, வேலையப் பாரும்" என்றேன். மூலை வீட்டுக்காரி நின்று பார்த்தாள், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனாள். என் கைவேலையைக் கண்டு மலைத்துவிட்டாள் என்று நினைத்தேன் அக்கா. ஒருத்தருக்கும் இந்தத் தெருவில் பூப்பாத்தி இல்லை, வயிறு எரிகிறார்கள் என்று நினைத்தேன். தலைக்கனம் ஏறினால் கண் தெரியாது.

நீங்கள் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு விளக்கும் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. அண்ணாச்சி முதலில் இறங்கினார். கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"என்னதும்மா இது?"

"பூப்பாத்தி, அண்ணாச்சி" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

"பூப்பாத்தியா? உசிரு பொழைச்சு வாரவள வீட்டுக்குக் கூட்டிட்டு வாரேன். நீ வாசல்ல குழி வெட்டி, விளக்குப் பொருத்தி வச்சிருக்க!"

அவர் குரலுக்குத் தெருவே கூடிவிட்டது. நான் திரும்பி என் பாத்தியைப் பார்த்தேன். அந்த நொடியில்தான் அது என் கண்ணுக்குத் தெரிந்தது. பெரியதாழையில் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், எங்கள் சிமித்தேரியில் நான் சிறுபிள்ளையிலிருந்து செய்து வந்த வேலை அது. மணலைக் கூட்டி மேடு கட்டி, தட்டி நயமாக்கி, சுற்றிலும் சிப்பி பதித்து, எந்தத் தண்ணீருக்கும் நிற்கிற நித்தியகல்யாணியை நட்டு, தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்துவோம். முதலில் தாத்தாவுக்குச் செய்தேன், பிறகு அப்பாவுக்கு, அம்மாவுக்கு. எனக்குப் பூப்பாத்தி என்றால் அதுதான். வேறு பாத்தி நான் போட்டதே இல்லை. எங்களுக்கு அது பயப்படுகிற இடமும் இல்லை, அதனால் கண்ணுக்கு உறைக்கவில்லை. உங்கள் ஊரில் அந்தப் பூவுக்குச் சுடுகாட்டுப் பூ என்று பேர் என்பதைக் கூட்டத்தில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பூமி பிளந்து விழுங்காதா என்பார்களே, அப்படித்தான் நின்றேன். அதற்கு வேண்டிய மேடும் விளக்கும் பக்கத்திலேயே தயாராகத்தான் இருந்தன.

காருக்குள் இருந்து நீங்கள் மெல்ல இறங்கினீர்கள். அடிவயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து, இரண்டு பாத்திக்கும் நடுவே வந்து நின்றீர்கள். இடப் பக்கம் பார்த்தீர்கள், வலப் பக்கம் பார்த்தீர்கள். "ஏளா, ரெண்டு இருக்கே. இதுல எது எனக்கு, எது இவியளுக்கு?" என்று அண்ணாச்சியைக் கைகாட்டினீர்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தீர்கள். தையல் பிரிந்துவிடும் என்று அண்ணாச்சி பதற, "ஐயோ, என்னச் சிரிக்க வைக்காதிய" என்று யாரையோ திட்டிக்கொண்டே சிரித்தீர்கள். மூலை வீட்டுக்காரி சிரித்தாள், கார் ஓட்டி வந்தவர் சிரித்தார், தெருவே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"இப்பமே இத அள்ளிப் போடணும்" என்று அவர் மண்வெட்டியைத் தேடினார். "ஒருத்தரும் கை வைக்கப்பிடாது. அவ கருத்தா வச்சிருக்கா, பூவும் வந்துட்டு" என்று சொல்லிவிட்டு நீங்கள் படி ஏறினீர்கள். அவர் உங்களோடு படி ஏறவில்லை. பக்கவாட்டில் சுற்றிப் போய்க் குசினிக் கதவு வழியாக உள்ளே போனார்.

மறுநாளும் நான் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நீங்கள்தான் சத்தம் போட்டீர்கள்: "ஏளா, கல்லறைக்காரி! செத்தா போய்ட்ட? வந்து இந்த மூலையெல்லாம் வளைச்சு விடு." பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னை வேலை வாங்கினீர்கள். எனக்கு நேர்கோடுதான் வரும், உங்களுக்கு நேர்கோடே பிடிக்காது. வாய்க்கால் திரும்புகிற மாதிரி பாத்தி வளைந்து வளைந்து படிவரை போக வேண்டும் என்றீர்கள். சுவரை ஒட்டி உயரமாகக் கேந்தி, அதற்கு முன்னால் கோழிக்கொண்டை, நடையோரம் தரையோடு படர்கிற பத்துமணிப் பூ. மேட்டைக் கரைத்து, நடைப் பக்கம் சரிவாக்கி, எல்லாச் செடியும் கேட்டிலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படும்படி செய்தோம். போர்த் தண்ணீரை நிறுத்திவிட்டு, தெருக்குழாய்த் தண்ணீரில் அரிசி களைந்த கழுநீரை இரண்டு வீட்டிலும் வாளியில் சேர்த்து ஊற்றினோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றும் சொல்ல முடியாது. கேந்தியை நெருக்கி நட்டு ஒரு வரிசை அழுகிப்போனது, அதற்கு நீ காரணம் நான் காரணம் என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். ஓர் இடத்தில் வெள்ளைச் சாமந்தி வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "வெள்ளையே ஒனக்கு ஆகாதுளா, ஒருக்க வச்சது போதும்" என்றீர்கள்.

மார்கழியில் நம் தெருவுக்கு வந்தவர்களெல்லாம் உங்கள் கேட்டில் நின்று போட்டோ எடுத்தார்கள். அப்போதும் அண்ணாச்சி அந்த நடையில் கால் வைக்கவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் குசினிக் கதவுதான். என்னைக் கண்டால் செருப்பைப் பார்ப்பார். ஒரு நாள் நான் தாங்காமல் உங்களிடம் கேட்டேன், அண்ணாச்சிக்கு இன்னும் என்மேல் கோபமா என்று. "கோவம் இல்லளா, பயம். ஆம்பளைக்குப் பயம் வந்தா கோவம் மாதிரிதான் தெரியும்" என்றீர்கள். நான் அதை நம்பவில்லை. எனக்கு ஆறுதலாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் நோய் திரும்பியது. திரும்பி வந்த வேகத்தில் உங்களைக் கொண்டுபோய்விட்டது. உங்களைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது, அந்த வளைந்த பாத்திகளுக்கு நடுவேதான் கொண்டுவந்தார்கள். பாத்தி போட்ட பிறகு அண்ணாச்சி அன்றைக்குத்தான் முதல்தடவையாக அந்த நடையில் நடந்தார். இரண்டு பக்கமும் கேந்தி அப்படிப் பூத்து நின்றது. நான் சுவரோரம், மற்றப் பெண்களுக்குப் பின்னால் நின்றேன். அவர் நிமிர்ந்தால் என்னைத்தான் பார்ப்பார் என்று தோன்றியது. நீதானே வாசலில் குழி வெட்டினாய் என்று கேட்டுவிடுவார் என்று தோன்றியது. அவர் நிமிரவே இல்லை.

பதினாறு முடியும்வரை சோறு ஆக்கிக் கொடுத்தனுப்பினேன். நான் வரவில்லை. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, என் பாத்திதான் உங்களைக் கொண்டுபோனதோ என்று சாமியாரிடம் சொன்னேன். சகுனத்தை நம்புவது பாவம் மகளே என்றார். நம்பினால் பாவம், சரி சாமி, நட்டு வைத்தால் என்ன என்று கேட்க வாய் வரவில்லை. புத்திக்குத் தெரியும் அக்கா, பூ யாரையும் கொல்லாது. ஆனால் சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, அந்த இரண்டு விளக்கும் பாத்தியின் தலையில் நின்று எரிந்தது கண்ணில் வந்து நிற்கும். உங்கள் செடிகள் தண்ணீரில்லாமல் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. சுவரைத் தாண்டி ஒரு வாளி ஊற்றியிருக்கலாம். கோழிக்கொண்டை மட்டும் வெகுநாள் நின்று பார்த்துவிட்டு அதுவும் போனது. உங்கள் மகன் சென்னைக்குத் திரும்பிவிட்டான். அண்ணாச்சிக்கு ஓய்வு வந்துவிட்டது. வீட்டுக்குள் டிவி சத்தம் கேட்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இன்று ஜன்னலைச் சாத்திய சற்று நேரத்தில் என் கேட்டில் தட்டும் சத்தம். அண்ணாச்சி நின்றார். இளைத்திருந்தார். கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது.

"ஏம்மா, மண் அடிச்சிருக்கேன். பாத்தி ஒண்ணு போட்டுத் தரணும்."

"அக்கா வச்சிருந்த மாதிரி வளைச்சு வளைச்சா, அண்ணாச்சி?"

"இல்ல. நீ மொத மொதல்ல போட்டியே, அந்த மாதிரி."

"அது… அண்ணாச்சி, அது வேண்டாம்."

"நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாளுக்கு நீ கூடையில பூவும் மெழுகுதிரியும் எடுத்துட்டு பஸ்ஸுக்குப் போனதப் பாத்தேன். உங்க ஆளுவளுக்குப் போய் உக்கார ஒரு எடம் இருக்கு. அவள எரிச்சாச்சு, ஆத்துல கரைச்சாச்சு. எனக்கு எங்கன இருக்கு, சொல்லு?"

நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

"அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால ஏசிட்டேன்லா. அதான் அவ போன பொறவு நீ இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலன்னு நெனச்சேன். நியாயந்தான். நாந்தான் வந்து கேட்டிருக்கணும்" என்றார்.

அக்கா, அவர் என்னைக் குற்றம் சொல்வார் என்று நான் ஒளிந்து திரிந்தேன். அவரோ, நான் அவரைக் குற்றம் சொல்கிறேன் என்று உள்ளேயே இருந்திருக்கிறார். நீங்கள் சொன்னது நிசம்தான், பயம்தான். உங்கள் பேச்சை அன்றைக்கே நான் காதில் வாங்கியிருக்கலாம்.

மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். படிக்கு வலப் பக்கம் ஒன்று போட்டேன். உங்களோடு வேலை செய்த பழக்கத்தில் கை மூலைக்கு வரும்போதெல்லாம் வளைக்கப் பார்த்தது. "நேரா போடும்மா" என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டே இருந்தார். நேராகப் போட்டேன். மேடு கட்டித் தட்டினேன். சிப்பியை அவரே கழுவிக் கொண்டுவந்து பதித்தார். மூலை வீட்டுக்காரி போகிறபோக்கில் நின்று, "என்ன அண்ணாச்சி, மறுபடியும் பாத்தியா?" என்றாள். "ஆமா. எம் பொண்டாட்டிக்கு" என்றார். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. நித்தியகல்யாணி நாளைக்கு வாங்கி வர வேண்டும்.

கை கழுவிவிட்டுக் கிளம்பினேன். "இரு, காப்பி போடுதேன்" என்று உள்ளே போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? படியில் உட்கார்ந்தேன். கடுங்காப்பி கொண்டுவந்தார். "பால் விட்டா திரிஞ்சு போகுதும்மா. கடையை மாத்திப் பாத்தேன், பாக்கெட்ட மாத்திப் பாத்தேன், என்னன்னே தெரியல."

ஒரு வாய் குடித்தேன். கரித்தது. கடல் தண்ணீர் மாதிரிக் கரித்தது.

"எந்தத் தண்ணில போட்டிய அண்ணாச்சி?"

"குசினிக் குழாய்லதான். குடிக்க மட்டும் கேன் வாங்குதேன். சோத்துக்கு, கொழம்புக்கு, காப்பிக்கு எல்லாம் அதுதான்."

அது போர்த் தண்ணீர், அக்கா. செடிக்கே ஆகாது என்று நீங்களும் நானும் நிறுத்திய தண்ணீர். சமையலுக்குத் தெருக்குழாயில் பிடித்துக் குடத்தில் வைப்பீர்கள் என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. அவருக்கு வைத்துக் கொடுத்துத்தானே நீங்கள் பழக்கியிருக்கிறீர்கள்.

"கரிக்கலையா அண்ணாச்சி?"

"கரிக்கத்தான் செய்யுது. அவ போன பொறவு எனக்கு நாக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். வெறும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "நாக்கு கெடல அண்ணாச்சி, தண்ணிதான்" என்றேன். நான் ஒரு நாள் உள்ளே வந்து ஒரு குழம்பு கொதிக்க விட்டிருந்தால் போதும், அந்த நிமிசமே தெரிந்திருக்கும். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன், வாய் கொப்பளித்துவிட்டேன், கரிப்பு போகவில்லை. ஒரு வருசம் அவர் அந்தத் தண்ணீரில்தான் ஆக்கிச் சாப்பிட்டிருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம், குடம் குடமாக நல்ல தண்ணீர் பிடித்து மூடி வைத்துக்கொண்டு நான் இருந்திருக்கிறேன்.